உக்கும் பொருள்களாலான நிறுவற்கலைப் படைப்பு பழுதானால்: அறிகுறியிலிருந்து தொடங்கும் வழிமுறை

பனையோலை, குருத்தோலை, பன்புல் (பாய் பின்னும் கோரை), வைக்கோல், களிமண், சாணம், சிரட்டை, பழஞ்சேலை, கிழிந்த வலை, மீன்முள், பத்திரிகைத் தாள் ஆகியவற்றைக் கொண்டு மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நிறுவற்கலைப் படைப்புகளை (ஓர் இடத்தில் பொருள்களைக் கட்டி அமைக்கும் ‘இன்ஸ்டலேஷன்’ கலைப் படைப்புகளை) அமைப்போர் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே கோளாறுகளைத்தான் சந்திக்கின்றனர். கார்த்திகை, மார்கழி மாரியில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது ஓலை வெடிக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் எந்த மாதமானாலும் உப்பு விடுவதில்லை. இத்தகைய பழுதுகளைத் திரும்பத் திரும்பச் சீர்செய்ததில் தெளிவானவற்றை இங்கே அறிகுறிவாரியாகத் தருகிறேன். ஒவ்வொரு தலைப்பின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு கூடிய காரணம் கடைசியிலும் வரும்.

தொடுவதற்கு முன்

படைப்பின் எந்தப் பகுதி அழிவதற்காகவே வைக்கப்பட்டது, எந்தப் பகுதி நிற்க வேண்டும், எந்த நாள்வரை நிற்க வேண்டும் என்ற மூன்றையும் கலைஞர் ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அந்தத் தாள் இல்லையென்றால் கலைஞரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்; அதுவரை தூரிகையைக்கூட எடுக்க வேண்டாம். அமெரிக்கக் கலைஞர் ஸோயி லெனார்ட் 1990களில் பழத்தோல்களை நூலால் தைத்து ஒரு படைப்பை உருவாக்கினார். அத்தோல்கள் அழுகாமல் நிறுத்தும் முறை ஒன்று அவருக்காகவே கண்டறியப்பட்ட பின்னரும், அவை தாமாகச் சுருங்கி அழியட்டும் என்றே அவர் முடிவெடுத்தார். ஃபிலடெல்பியா கலை அருங்காட்சியகம் அந்த முடிவோடுதான் அப்படைப்பை ஏற்று வைத்திருக்கிறது. குருத்தோலை வாடிப் பழுப்பதே படைப்பின் பொருளாக இருக்கும்போது அதற்கு வார்னிஷ் பூசுகிறவர், நல்லெண்ணத்தோடு செய்தாலும், படைப்பைக் கெடுத்தவரே ஆவார். அதே ஓலையில் கறையான் ஏறுவது கலைஞர் கேட்ட அழிவு அன்று. இந்த வேறுபாட்டைத் தீர்மானித்த பின்னரே கீழே உள்ளவற்றுக்குள் செல்ல வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: டோர்ச், மென்மையான தூரிகை, பூதக்கண்ணாடி, கறுப்பு அட்டை, முகக்கவசம், கையுறை, ஈரப்பதமானி. கடைசியில் சொன்னதை வாங்கத் தயங்க வேண்டாம். ஈரத்தைக் கண்ணால் மதிப்பிட எவராலும் முடியாது. எதையும் அசைப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

அறிகுறி: வெள்ளையாகவோ சாம்பலாகவோ பூத்திருக்கிறது

இது பூஞ்சணமாகவும் இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம். இரண்டிற்கும் மருந்து நேரெதிர் என்பதால் இங்கே அவசரம் கூடாது. டோர்ச்சை மேற்பரப்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மணிமணியாக மினுங்கினால் உப்பு. இழையிழையாகப் பஞ்சுபோல் எழுந்து நின்றால் பூஞ்சணம். ஐயம் தீராவிட்டால் நனைத்த பஞ்சு முனையால் ஓரிடத்தைத் தொடுங்கள்: உப்பு கரைந்து மறையும், பூஞ்சணம் இழுபட்டு அழுக்காகும். வாழையிலையின் அடிப்புறத்தில் இயல்பாகவே ஒரு வெண்மெழுகுப் பூச்சு உண்டு. அதைப் பூஞ்சணம் என்று துடைத்துவிட வேண்டாம்.

பூஞ்சணம் என்றால்

முதற் காரணம் காற்றோட்டமின்மை. படைப்பு சுவரோடு ஒட்டியிருந்தால் ஒரு கையகலம் முன்னே இழுத்து வையுங்கள். அறையின் ஈரப்பதம் நாட்கணக்கில் 65 முதல் 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணத்துக்கு வேறு அழைப்பு தேவையில்லை. மாரியில் சாளரங்களைத் திறந்துவிட்டால் காய்ந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட ஈரமாக இருக்கும் நாட்களில் அது கேட்டையே கூட்டும். ஈரப்பதமானியை வெளியிலும் உள்ளேயும் வைத்துப் பார்த்து, வெளியே குறைவாக உள்ள வேளையில் மட்டும் திறவுங்கள். மற்ற வேளைகளில் மின்விசிறியைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தால், படைப்பில் நேராகப் படாமல் காற்று அறைக்குள் சுழலும்.

அடுத்த காரணம் பொருள் காயாமல் ஏறியது. ஓலைக்கட்டையோ வைக்கோற்கட்டையோ தராசில் வைத்து நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அதன் மறுநாளும் நிறை குறையாவிட்டாலே அது காய்ந்தது. கையால் தடவிப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று சொல்வது முடிச்சுக்குள்ளும் பின்னலுக்குள்ளும் நிற்கும் ஈரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது பசை. கோதுமை மாவில் காய்ச்சிய பசை பூஞ்சணத்துக்கு நல்ல உணவு. பூப்பு ஒட்டிய இடங்களின் விளிம்பைத் தொடர்ந்தே செல்கிறதென்றால் குற்றவாளி அதுதான். அந்த இடங்களை எடுத்துவிட்டு மெதில் செலுலோஸ் பசையால் மீண்டும் ஒட்டுங்கள். பழைய காலத்தில் மாப்பசையில் துருசு (செப்பு சல்பேற்று) கலப்பதுண்டு. அது நஞ்சு, தாளையும் நாளடைவில் கெடுக்கும், பிள்ளைகள் தொடும் இடத்தில் அறவே கூடாது.

நான்காவது, செலவு கூடியது, நிலத்திலிருந்தோ சுவரிலிருந்தோ ஏறும் ஈரம். ஒரு பொலித்தீன் துண்டை நிலத்தில் விரித்து நான்கு ஓரமும் காற்றுப் புகாதவாறு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடிப்புறத்தில் நீர்த்துளி நின்றால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேற்புறத்தில் நின்றால் அது காற்றின் ஈரம். நிலத்திலிருந்து வருமானால் படைப்பைப் பலகை மேடையில் ஏற்றிவிட்டு மேசனைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பூச்சு மருந்து எதுவும் உதவாது.

துடைக்கும் முறை: ஈரமான பூஞ்சணத்தைத் துடைக்கவே கூடாது, அது இழைகளுக்குள் தேய்ந்து இறங்கும். முதலில் நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்தபின் திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து வீச, முகக்கவசத்தோடு மென்தூரிகையால் வெளிநோக்கித் தட்டிவிடுங்கள். பிறகு 70 சதவீத அல்ககோலைப் பஞ்சில் ஒற்றி மெல்ல ஒத்தலாம். சாயமிட்ட ஓலையிலோ சேலையிலோ மறைவான ஓர் ஓரத்தில் சாயம் இறங்குகிறதா என்று பார்த்த பின்னரே செய்ய வேண்டும். அல்ககோல் இருக்கும் அறையில் குத்துவிளக்கோ கற்பூரமோ எரியக் கூடாது. குளோரின் தூள் ஓலையின் நாரையே தின்றுவிடும்.

வல்லுநரை அழைக்கும் கட்டம்: பூஞ்சணம் ஒரு சதுர மீற்றருக்கு மேல் பரவியிருந்தாலோ, துடைத்த இடத்தில் சில நாட்களுக்குள் மீண்டும் வந்தாலோ, அங்கே வேலை செய்வோரில் எவருக்கேனும் தொய்வு (ஆஸ்துமா) இருந்தாலோ நூதனசாலை அல்லது ஆவணக் காப்பகத்தில் பணியாற்றும் பேணல் வல்லுநரை நாடுங்கள்.

உப்பு என்றால்

கரையோரத்தில் இதுவே மிகக் கடினமான கோளாறு. கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீரை இழுத்துக் கரைகிறது. அதற்குக் கீழே இறங்கும்போது மீண்டும் படிகமாகிறது. நமது இரவும் பகலும் அந்த எல்லையை ஏறி இறங்கிக் கடப்பதால் உப்பு ஒவ்வொரு நாளும் இழைக்குள் கரைந்து, வளர்ந்து, இழையை உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே தெரிவதைத் தூரிகையால் தட்டினால் மறுநாளே திரும்பி வருவதற்கு இதுதான் காரணம்.

எளிய காரணம் மண் கலவையில் கடற்கரை மணல் சேர்ந்தது. அடுத்த முறை ஆற்றுமணலைப் பயன்படுத்துங்கள். கலந்த மண்ணைச் சுடாமல் வைத்திருந்தால் அதைக் கழுவ வழியில்லை. ஈரப்பதத்தை ஏறவிடாமல் காப்பதும் உதிர்வதை அவ்வப்போது எடுப்பதுமே செய்யக்கூடியவை.

மற்றது, பொருளே கடலில் நனைந்தது: வள்ளப் பலகை, வலை, சங்கு, சிப்பி, துணி. இவற்றைக் கழுவலாம். பொருளை வலைப்பையிலோ பழைய நுளம்புவலையிலோ இட்டு நன்னீரில் அமிழ்த்தி, நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். வாவியோரக் கிணற்று நீர் சில இடங்களில் உவராக இருப்பதால் முதலில் அந்த நீரிலேயே சில துளிகளைக் கறுப்புக் கண்ணாடியில் விட்டு உலரவிடுங்கள். வெள்ளைத் தடம் விட்டால் அந்த நீர் உதவாது, மழைநீரைப் பிடியுங்கள். பொருள் ஊறிய நீரின் துளியும் தடமின்றி உலரும் நாள்வரை தொடருங்கள். பலகையை எடுத்தபின் வெயிலில் போடாமல் சாக்கால் மூடி நிழலில் மெதுவாக உலர்த்துங்கள், இல்லையேல் பிளந்துவிடும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளில் நனைந்த பொருள்களைக் குடும்பங்கள் படைப்புகளுக்காகக் கொடுக்கும்போது நிலைமை வேறு. ஒரு சிறுமியின் சட்டையை நான் அருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். துணி முழுவதும் சுத்தமாகவே தெரிந்தது. ஆனால் கழுத்துத் தையலின் இரட்டை மடிப்புக்குள் மட்டும் உப்பு வரிசையாகப் பூத்திருந்தது, முதுகுப்புறக் கொக்கியைச் சுற்றித் துரு வளையமாகப் பரவி நூலைத் தின்றிருந்தது, அந்த வளையத்துக்குள் விரல் பட்டாலே துணி தூளாகும் நிலை. அத்தகைய பொருளை நீரில் இடுவதா வேண்டாமா என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது. ஒளிப்படங்கள், கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். மென்தாளில் தளர்வாகச் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய பெட்டியில் வைத்து, குடும்பத்தாரின் சம்மதத்தோடு பேணல் வல்லுநரிடம் ஒப்படையுங்கள். மாற்றுப் பொருள் இல்லாத ஒன்றில் பரிசோதனை செய்ய எவருக்கும் உரிமையில்லை.

அறிகுறி: கீழே மாத்தூள் போல் விழுகிறது, துளைகள் தெரிகின்றன

படைப்பின் அடியில் கறுப்பு அட்டையை இரவு வைத்துக் காலையில் பாருங்கள். தூள் புதிதாக விழுந்திருந்தால் பூச்சி உள்ளே உயிரோடிருக்கிறது. விழாவிட்டால் அது பெரும்பாலும் பழைய உளுப்பு. துளைகளை அப்படியே விடலாம்.

உயிருள்ள பூச்சி சிறிய பொருளில் இருந்தால் உறையவைப்பதே நஞ்சில்லாத வழி. இரண்டு பொலித்தீன் பைகளில் காற்றை வெளியேற்றிக் கட்டி, −20 பாகை செல்சியஸ் அளவில் ஒரு வாரம் வையுங்கள்; வீட்டு உறையறை அந்த அளவுக்கு இறங்காவிட்டால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் முழுதும் அறை வெப்பத்துக்கு வரவிட்ட பின்னரே திறக்க வேண்டும், இல்லையேல் பனிநீர் பொருளின் மேல் படியும். மீனுக்கு ஐஸ் போடும் பெட்டி பூச்சியமளவில்தான் நிற்கும் என்பதால் அது போதாது. மெழுகு, வர்ணப்பூச்சு, கண்ணாடி சேர்ந்த பொருளை உறையவைக்கக் கூடாது.

வேப்பிலையும் கற்பூரமும் பூச்சி அண்டுவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லா. ஏட்டுச்சுவடிக்குப் பூசும் எலுமிச்சம்புல் எண்ணெய் பனையோலைக்கு ஏற்றதே, ஆயினும் எண்ணெய் பட்ட ஓலையில் புழுதி ஒட்டும் என்பதால் திறந்த கூடத்தில் நிற்கும் படைப்புக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

தூளுக்குப் பதிலாகச் சுவரிலோ கால்களிலோ மண்கோடு ஏறியிருந்தால் கறையான். கோட்டின் ஒரு விரலளவைத் தட்டிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். மீண்டும் கட்டப்பட்டால் கூட்டம் உயிரோடிருக்கிறது. படைப்பை நிலத்திலிருந்து பிரித்து, கால்களை உலோகத் தட்டில் நிறுத்தி, அன்றே கறையான் ஒழிப்பாளரை அழையுங்கள். இதில் நீங்களே முயல்வது நேரத்தை இழப்பதாகும். அவர் வரும்போது மருந்து கட்டடத்துக்கும் நிலத்துக்கும் மட்டுமே, படைப்பின்மேல் ஒரு துளியும் படக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி, கூடவே நில்லுங்கள்.

அறிகுறி: ஓலை சுருண்டு வெடிக்கிறது, பின்னல் தளர்கிறது

பின்னல் முழுவதும் ஒரே அளவில் தளர்ந்திருந்தால் பச்சை ஓலையில் பின்னியதே காரணம்: ஓலை காய்ந்து ஒடுங்கியதும் இடைவெளி விழுகிறது. பின்னலை ஓரத்திலிருந்து நெருக்கி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். ஒரு பக்கம் மட்டும் சுருண்டிருந்தால் அந்தப் பக்கத்தில் வெயிலோ விளக்கோ மின்விசிறியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஹலஜன் விளக்கை எல்.ஈ.டி. விளக்காக மாற்றினால் வெப்பம் பெரிதும் குறையும்.

சுருண்ட ஓலையைக் கையால் நிமிர்த்தினால் ஒடியும். ஈரத்துணியைப் பிழிந்து, ஓலையில் படாமல் அருகே தொங்கவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பொலித்தீனால் தளர்வாக மூடிச் சில மணிநேரம் விடுங்கள். ஓலை வளையத் தொடங்கியதும் நிமிர்த்தி, தாளுக்கிடையில் வைத்துப் பாரம் ஏற்றுங்கள். ஒரு இரவுக்கு மேல் மூடி வைத்தால் பூஞ்சணத் தலைப்புக்குத் திரும்பிப் போக நேரும். பாய் பின்னும் பெண்கள் பன்னை நனைத்துப் பதம் பார்த்து எடுக்கும் நேர்த்தி எந்தக் கைநூலிலும் இல்லை. பெரிய பின்னல் வேலையானால் கூலி கொடுத்து அவர்களில் ஒருவரையே அழைப்பது முறையாகும்.

அறிகுறி: மண்பூச்சு வெடிக்கிறது, கழன்று விழுகிறது

மேலோட்டமான வலைவெடிப்பு, களி கூடிய கலவையாலோ விரைந்து காய்ந்ததாலோ வரும். அதே மண்ணைத் துணியில் வடித்த குழம்பால் நிரப்பி, ஈரச்சாக்கால் மூடி, மெதுவாகக் காயவிடுங்கள். புதிதாகக் கலப்பதானால் மணலின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சிறு ஓடுகளாக வார்த்து, எது வெடிக்காமல் காய்கிறது என்று பார்த்துத் தேருங்கள். ஒவ்வோர் ஊர் மண்ணும் ஒவ்வொரு விதம் என்பதால் வேறொருவரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நறுக்கிய வைக்கோல் வெடிப்பைப் பிடித்து நிறுத்தும்.

ஒரே கோடாக நீண்ட ஆழமான வெடிப்பு என்றால் மண்ணில் குற்றமில்லை, பின்னாலுள்ள சட்டம் அசைகிறது. சட்டத்தை இறுக்காமல் வெடிப்பை நிரப்புவது வீண். விரல் நுனியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கும் பரப்பு சட்டத்திலிருந்து கழன்றுவிட்டது. உள்ளங்கையளவு என்றால் குழம்பை ஊசிக்குழாயால் பின்னே செலுத்தி, பலகையால் தாங்கி வைக்கலாம். அதைவிடப் பெரிதென்றால், குறிப்பாகத் தலைக்கு மேல் உயரத்தில் இருந்தால், கீழே எவரையும் நடக்கவிடாமல் அடைத்துவிட்டுத் தச்சரை அழையுங்கள்.

அறிகுறி: மணக்கிறது, ஈயும் நுளம்பும் வருகின்றன

மீன்முள்ளும் எலும்பும் மணத்தால் கொழுப்பு எஞ்சியிருக்கிறது. சவர்க்கார நீரில் நாட்கணக்கில் ஊறவிட்டு நீரை மாற்றுங்கள், பின்னர் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் வெளுக்கவிடுங்கள். கொதிக்கவைத்தால் கொழுப்பு எலும்புக்குள்ளேயே இறங்கிவிடும்.

எறும்பு வந்தால் சர்க்கரையோ மாப்பசையோ எங்கேயென்று அதன் வரிசையே காட்டும்.

நுளம்பு இவற்றையெல்லாம்விடப் பெரிய விடயம். சிரட்டை, முட்டி, சிப்பி, இளநீர்க் கோம்பை, பொலித்தீன் மடிப்பு என மழைநீர் தேங்கும் எதிலும் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு ஒரு வாரம், பத்து நாட்களில் வந்துவிடும். வெளியில் நிற்கும் படைப்பில் சிரட்டைகளைக் கவிழ்த்தே வையுங்கள். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டுமென்றால் அடியில் துளையிடுங்கள். நீர் நிற்பதே படைப்பின் பொருள் என்றால் வாரத்துக்கு ஒருமுறையாவது கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள், ஏனெனில் முட்டைகள் சுவரில் ஒட்டிக் காய்ந்தும் உயிர் வாழும். குடம்பிகளைக் கண்டால் மறைக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

அறிகுறி: நிறம் மங்குகிறது

மஞ்சளில் தோய்த்த துணி ஒளியில் வெளிறும். அதைத் தடுக்க முடியாது, ஒளியைக் குறைத்துத் தாமதிக்கலாம், அவ்வளவே. பத்திரிகைத் தாள் பழுப்பதும் அப்படித்தான். மறுபடி சாயமிடுவதற்கு முன் கலைஞரின் தாளைப் பாருங்கள்.

அறிகுறி: தொங்கும் பகுதி தாழ்கிறது, சாய்கிறது

இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன் பாருங்கள் என்று சொல்வேன், ஏனெனில் இங்கே பழுதாவது படைப்பு மட்டுமன்று. ஏறும் முன்பே கீழே உள்ள இடத்தைக் கயிறு கட்டி அடையுங்கள்.

முதலில் முடிச்சு. தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) வழுக்கும், சாதாரண முடிச்சு பாரத்தில் மெல்ல மெல்ல அவிழும். கல்லடியிலோ வாழைச்சேனையிலோ தூண்டில் கட்டுகிற எவரிடமும் கேட்டால் வழுக்காத முடிச்சைக் கட்டிக் காட்டுவார். முடிச்சுக்குக் கீழே மையால் ஒரு கோடிட்டு வையுங்கள்; கோடு நகர்ந்தால் முடிச்சு வழுக்குகிறது, கோடு நிற்க உயரம் மட்டும் குறைந்தால் தங்கூசி நீள்கிறது. நைலோன் நீரைக் குடித்து நீளும் இயல்புடையது, வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும். வெயில்படும் இடத்தில் தங்கூசியை மாரி தொடங்குமுன் மாற்றிவிடுங்கள், அது நன்றாகத் தெரிந்தாலும்.

அடுத்தது பாரம். காய்ந்த வைக்கோலும் வலையும் துணியும் மழையில் நனைந்தால் பன்மடங்கு பாரமாகும். கட்டும் கயிற்றைக் காய்ந்த நிறைக்கன்றி, முழுதாக நனைத்துத் தராசில் நிறுத்த நிறைக்குக் கணக்கிட வேண்டும். தும்புக் கயிற்றின் முறுக்கைச் சிறிது பிரித்து உட்புறத்தைப் பாருங்கள். வெளியே பொன்னிறமாக இருக்கும்போதே உள்ளே கறுத்துத் தூளாகியிருக்கும் கயிறுகள் உண்டு. அத்தகையதை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுங்கள்.

கடைசியாக, கொளுவியும் அது மாட்டியுள்ள கூரை வளையும் (மரச் சட்டமும்). கடற்காற்றில் இரும்புக் கொளுவி துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்தால் அதைச் சுரண்டிப் பூசிப் பயன்படுத்த வேண்டாம், துருப்பிடியா உருக்காக மாற்றுங்கள். கூரை வளையில் வெடிப்போ உளுப்போ தெரிந்தாலும், ஆணி பிடித்த இடத்தில் மரம் மெத்தென்று அமுங்கினாலும், தொங்கும் பாரம் ஒருவர் தனியே தூக்கும் அளவைத் தாண்டினாலும் படைப்பை இறக்கிவிட்டுக் கட்டடப் பொறியியலாளரை அழையுங்கள். விளக்கு வயர் அதே வளையில் ஓடினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மின்னியலாளரும் வர வேண்டும். அவர்கள் இருவரும் பார்த்துச் சொல்லும்வரை கூடம் பூட்டியே இருக்கட்டும், திறப்பு விழா மறுநாளாக இருந்தாலும்.